பள்ளிக்கூடத்தில் குடியிருந்தவர்கள்

எழுபதுகளின் கடைசியில் ஒரு திங்கட்கிழமை என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். அதுவரை நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். முந்தின மாதம் ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி என் வகுப்புப் பிள்ளைகளை முட்டாள்கள் என்று சொன்னார். அவர் கரும்பலகையில் எழுதியிருந்த வரியில் இருந்த எழுத்துப் பிழையை நான் பிள்ளைகளுக்கு முன்னாலேயே காட்டினேன். அரசாங்கத்தில் தண்டனை என்று சொல்லாமலே தண்டிக்கப் பல வழிகள் உண்டு. புது நாற்காலி கொடுப்பது அவற்றில் ஒன்று.

அந்த நாற்காலி கல்வித் துறை அலுவலகத்தின் வராந்தாவில், இரண்டு பீரோக்களுக்கு நடுவில் இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம். யானை நுழையும் உயரத்துக்குக் கதவு, உத்தரத்தில் புறா. டில்லியிலிருந்து வந்த ஒரு கடிதத்தை என் கையில் கொடுத்தார்கள். வீடில்லாத பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவர மாநிலம் முழுவதற்கும் ஒரு திட்டம் வேண்டும், அதை நடத்த ஓர் ஆள் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஆள் நான்.

முதலில் நாங்கள் மாநிலமே இல்லை, யூனியன் பிரதேசம். புதுச்சேரி ஒரு துண்டு, தெற்கே காரைக்கால் ஒரு துண்டு, கேரளக் கரையில் மாஹே, ஆந்திரத்துக்குள் ஏனாம். நான்கையும் சுற்றிவர ஒரு வாரம் ரயிலிலும் பஸ்ஸிலும் முதுகு நோக வேண்டும். ஆனால் எங்கள் இயக்குநருக்கு 'மாநிலம் முழுவதும்' என்ற வார்த்தை வாயில் கற்கண்டு மாதிரி. சென்னையிலிருந்து வந்தவர். இஸ்திரி கலையாத சட்டை, பையில் மூன்று பேனா. அவர் ஏதாவது ஒரு பேனாவைத் திறந்து எழுதி நான் பார்த்ததில்லை. கையெழுத்துக்குக்கூட எதிரில் நிற்பவரின் பேனாவைத்தான் வாங்குவார்.

"மாநிலம் முழுக்க ஒரு சர்குலர் அனுப்பிடுங்கம்மா. எந்தெந்தப் பள்ளியில வீடில்லாத பிள்ளைங்க படிக்கிறாங்கன்னு கேளுங்க. அதுலேருந்து பிளான் போட்டுடலாம்" என்றார்.

சைக்ளோஸ்டைல் மை இரண்டு நாள் விரலை விட்டுப் போகவில்லை. சுற்றறிக்கை நான்கு திசைக்கும் போயிற்று. மாஹேயிலிருந்து முதலில் பதில் வந்தது: இல்லை. ஏனாமிலிருந்தும் இல்லை. காரைக்காலிலிருந்து, 'வீடு' என்றால் என்னவென்று விளக்கம் கேட்டு எழுதியிருந்தார்கள். புதுச்சேரிப் பள்ளிகள் எல்லாம் ஒரே வாசகத்தைப் பார்த்து எழுதின மாதிரி, 'அத்தகைய மாணவர் எவருமில்லை' என்றன. பொய்யும் இல்லை. விலாசம் இல்லாத பிள்ளையை எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது. சேர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் விலாசம் இருந்தது. ஆகவே வீடில்லாத மாணவர் எவருமில்லை.

பதில்களை அடுக்கிக்கொண்டுபோய் இயக்குநரிடம் வைத்தேன். அவர் சந்தோஷப்பட்டார்.

"நம்ம மாநிலத்துல அந்தப் பிரச்சினையே இல்லேன்னு டில்லிக்கு எழுதலாம். பெருமைதானே?"

"அப்ப திட்டம் எதுக்கு சார்?"

"திட்டம் இருக்கணும்மா. மத்தவங்க எல்லாரும் வச்சிருக்காங்க."

இல்லாத பிள்ளைகளுக்கு எப்படித் திட்டம் நடத்துவது என்று கேட்டேன். அதற்காகத்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது. டீச்சர் வேலைக்குப் போகும்போது அப்பா வாங்கிக் கொடுத்தது. மறுநாளிலிருந்து அதை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். வேலையில் அக்கறை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த இரண்டு பீரோக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், மில்லுக்கு வெளியே இருந்த சுவர் ஓரம் என்று போனேன். 'வீடில்லாதவர் எவருமில்லை' என்று எழுதிய தலைமையாசிரியர்கள் தினமும் காலையில் அவர்களைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்படிச் சுற்றும்போதுதான் வைத்திக்குப்பத்துப் பக்கம் அந்தப் பள்ளிக்குப் போனேன். கடலிலிருந்து மூன்று தெரு தள்ளி, ஓடு வேய்ந்த நான்கு அறை. முன்னால் விசாலமான முற்றம், ஒரு வேப்பமரம். தலைமையாசிரியர் வங்கிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நான் இரண்டாம் வகுப்பின் வாசலில் நின்றேன். டீச்சர் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏழெட்டு?"

வகுப்பு முழுவதும் ஊமையாக இருந்தது. பக்கத்து அறைக்கும் வகுப்புக்கும் நடுவில் இருந்த மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குழந்தையின் குரல் கேட்டது.

"அம்பத்தாறு!"

"யாரு அது? வாய மூடிக்கிட்டு இரு!" என்று டீச்சர் தட்டியைப் பிரம்பால் அடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "தெனமும் இதே ரோதனை மேடம். பாடம் நடத்த வுடமாட்டேங்குது" என்றார்.

நான் சுற்றிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். அதில் பள்ளி இல்லை. பாய்கள், ஈயச் சட்டிகள், மூலைக்கு மூலை கயிற்றில் துணி. செங்கல் அடுப்பின் புகை கரும்பலகை வரை ஏறியிருந்தது. ஒன்பது வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையான தங்கையை இடுப்பில் வைத்திருந்தாள்.

"ஏழெட்டு உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அதான் கத்துறாங்களே. காதுல வுழுவுது."

"எழுதுவியா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். விஷயம் தெரியாதவள் என்று நினைத்திருப்பாள். "எழுத்து இந்தப் பக்கம் வராது டீச்சர்" என்றாள்.

கதை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. குப்பத்துக்கு வடக்கே, வாய்க்கால் கடலில் விழும் இடத்தில் சில குடிசைகள் இருந்தன. விழுப்புரம் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். மீன் கூடை சுமப்பது, சித்தாள் வேலை, ரிக்ஷா. ஐப்பசி மழையில் கடல் உள்ளே வந்து அந்த மணல்மேட்டை வாரிக்கொண்டு போய்விட்டது. குப்பத்துக்காரர்களுக்கு அவர்கள் பஞ்சாயத்தின் பட்டியல்படி மூங்கிலும் கீற்றும் வந்தன. இவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டு நாளைக்கு என்று பள்ளியில் இரண்டு அறையைத் திறந்துவிட்டார்கள். நான் போனபோது பங்குனி பிறந்துவிட்டது.

அந்த இரண்டு அறைகளிலும் பள்ளி வயதில் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். ஊரிலேயே பள்ளிக்கு மிக அருகில் குடியிருந்தவர்கள் அவர்கள்தான். ஒருவர் பெயரும் பள்ளிப் பதிவேட்டில் இல்லை.

தலைமையாசிரியர் வந்தார். பழைய பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கோட்டு போடாவிட்டாலும் கோட்டு போட்டவர் மாதிரிதான் நடப்பார். என்ன தடை என்று கேட்டேன்.

"ஒரு தடையும் கெடையாது. மேரிக்குப் போய் எத்தாசிவில் வாங்கிட்டு வரட்டும். விலாசத்துக்கு ஒரு அத்தாட்சி. நாளைக்கே சேத்துக்கறேன்."

எங்கள் ஊரில் பழைய ஆட்களுக்கு நகராட்சி இன்னும் மேரிதான், பிறப்புப் பதிவு எத்தாசிவில்தான். விழுப்புரத்துக்கு அப்பால் ஏதோ கரும்புக் கொல்லையில் பிறந்த பிள்ளைக்கு எங்கள் மேரியில் பதிவு எப்படி இருக்கும்?

"விலாசம் இதுதான சார்? இங்கதான இருக்காங்க."

"இங்க இருக்கக் கூடாது மேடம். அதுதானே பிரச்சினையே. நான் இந்த விலாசத்தை எழுதிச் சேத்துக்கிட்டா, அவங்க இங்க குடியிருக்கறத நானே ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிடாது?"

சட்டம் படித்த மனிதனைப் போல விரலை ஆட்டினார். அந்த விரலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

மத்தியானம் அந்தப் பெண் குழந்தையின் தாய் வந்தாள். படகிலிருந்து மார்க்கெட்டுக்கு மீன் கூடை சுமக்கிறவள். முப்பது வயதுகூட இராது. புருஷன் போன வருஷம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வரவில்லை என்றாள், மழை வரவில்லை என்று சொல்வது போல. என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"எழுதிக்கறியே, எழுதினா இன்னா ஆவும்?"

"பிள்ளைங்கள இஸ்கூல்ல சேக்கலாம்."

"எந்த இஸ்கூல்ல?"

"இந்த இஸ்கூல்லதான்."

"இங்கதாம்மா கெடக்குறா!" என்று சிரித்தாள். மற்றவர்களைக் கூப்பிட்டு அதையே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகுதான் பெயர் கொடுத்தார்கள். இவர்கள் பெயரை அதுவரை யாரும் எதற்காகவும் எழுதிக்கொண்டதில்லை. ஒவ்வொருவரும் நான் எழுதி முடிக்கும் வரை என் பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தத் தாய் மட்டும், "சின்னதையும் எழுதிக்க, அதுவும் நாளைக்குப் பெருசாவும்" என்று இடுப்புக் குழந்தையையும் எழுத வைத்தாள்.

பட்டியலை நானே தட்டச்சு செய்தேன். விலாசம் என்ற இடத்தில் பள்ளியின் விலாசத்தை அடித்தேன். என் ஆயுளில் நான் செய்த மிகத் துணிச்சலான காரியம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். ஒரு பிரதி இயக்குநருக்கு, ஒரு பிரதி கோப்புக்கு, விதிப்படி ஒரு பிரதி வருவாய்த் துறைக்கு.

இயக்குநர் பட்டியலைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களே!"

டில்லியிலிருந்து ஒரு பெரிய மனிதர் சித்திரை மாதம் வருவதாக இருந்தது. அவர் கையால் திட்டத்தைத் தொடங்கி வைக்க வேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. எங்கே வைக்கலாம் என்று ஒரு வாரமாக யோசித்திருந்தார். என் பட்டியலைப் பார்த்ததும் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. கடற்கரை விருந்தினர் மாளிகையிலிருந்து காரில் ஐந்து நிமிஷம், பெரிய முற்றம், நிழலுக்கு மரம். அந்தப் பள்ளியேதான்.

"நல்ல யோசனை சார். பிள்ளைங்களும் அங்கேயே இருக்காங்க. அன்னிக்கே பதிவேட்டுல சேத்துடலாம்" என்றேன்.

"பாத்துக்கலாம்" என்றார்.

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது விழாவுக்கு நான்கு நாள் முன்பு தெரிந்தது. வருவாய்த் துறையிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பள்ளிக் கட்டடத்தை ஆக்கிரமித்திருப்பவர்களை உடனே அப்புறப்படுத்த வேண்டும். யார் யார் என்று தனியாக விசாரிக்க வேண்டிய சிரமம் அவர்களுக்கு இருக்கவில்லை. உத்தரவோடு என் பட்டியலின் பிரதியை இணைத்திருந்தார்கள். நான் அடித்தது. என் தட்டச்சு இயந்திரத்தில் 'ள' எழுத்து எப்போதும் பாதிதான் விழும். அந்தப் பாதி 'ள' எல்லாம் அப்படியே இருந்தது.

இயக்குநரின் அறைக்கு ஓடினேன்.

"சார், இந்தப் பிள்ளைங்களுக்காகத்தான விழா?"

"ஆமா. ஆனா விருந்தாளி வர்ற எடத்துல அடுப்பு, துணி எல்லாம் இருக்கலாமா? நல்லா இருக்குமா? மாத்து எடம் குடுக்கறாங்கம்மா. ஊருக்கு வெளிய, தட்டாஞ்சாவடிப் பக்கம்."

"அங்கேருந்து இந்தப் பள்ளிக்கு எப்படி வருவாங்க?"

"அதெல்லாம் ரெண்டாவது கட்டம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்களுக்கு உங்களத் தெரியும். நீங்க போய்ச் சொன்னா தகராறு இல்லாம முடிஞ்சிடும்" என்றார்.

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என்ன செய்திருப்பார்கள்? மாஹேவுக்கு மாற்றியிருப்பார்கள். மாஹே அழகான ஊர். ஆனால் நான் போனேன். சைக்கிளில் போகும்போது, போலீஸ் போய்ச் சொல்வதைவிட நான் சொல்வது நல்லதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டே போனேன். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் ஓய்வு பெறும் வரை உத்தியோகம் பார்த்திருக்கிறார்கள்.

லாரி எனக்கு முன்பே வந்து நின்றிருந்தது. நான் சொல்லி முடிக்கும் வரை அந்தத் தாய் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை.

"எழுதிக்கிட்டுப் போனியே, அது இதுக்குத்தானா?"

"இல்ல. நான் அதுக்கு எழுதல."

"பின்ன யாரு எழுதினது? எங்க பேரு அவுங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? வந்தவன் ஒவ்வொரு பேரா படிச்சு ஏத்துறான். கைக்கொழந்த பேரு மொதக்கொண்டு படிக்கிறான்."

நான் லாரிப் பக்கம் திரும்பினேன். பெண் குழந்தை ஏற்கெனவே லாரியில் இருந்தாள். சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. தலைமையாசிரியர் வேப்பமரத்தடியில் நின்று, கரும்பலகையில் ஏறியிருந்த புகையை யார் கழுவுவது என்று ஆயாவோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

விழா ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. முந்தின நாள்தான் இயக்குநருக்கு ஒன்று உறைத்தது. மேடைக்கு வீடில்லாத பிள்ளைகள் வேண்டும். இருந்தவர்களை அனுப்பியாகிவிட்டது. லாரியை மறுபடி அனுப்பிக் கூட்டிவரலாம் என்றேன். அவர்கள் ஏதாவது பேசிவிடுவார்கள் என்று பயந்தார். தலைமையாசிரியர்தான் வழி சொன்னார். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிலேயே கொஞ்சம் கறுப்பாக, மெலிந்தவர்களாகப் பத்துப் பேரைப் பொறுக்கினார். பழைய உடுப்பு போட்டு வர வேண்டும், செருப்பு கூடாது, தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். பெற்றவர்களில் ஒருவர் மட்டும் வந்து சண்டை போட்டார். அவர் பிள்ளையை விட்டுவிட்டு வேறு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் மேடைக்குப் பக்கத்தில் சிலேட்டுக் கட்டோடு நின்றேன். மாதர் சங்கத்துப் பெண்மணிகள் முன்வரிசையில் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் அரை மணி நேரம் பேசினார். மாநிலம் முழுவதும் என்ற வார்த்தையை எத்தனை முறை சொன்னார் என்று எண்ண ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டேன். பிறகு டில்லிக்காரர் ஒவ்வொரு பிள்ளைக்கும் சிலேட்டு கொடுத்தார். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தபோது அவர் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டி, உன் வீடு எங்கே என்று கேட்டார். இயக்குநர் அதைத் தமிழில் கேட்டார். கேட்டிருக்கவே வேண்டாம். வேறு எதையாவது கேட்டிருக்கலாம். ஆனால் பெரிய மனிதர் முன்னால் அவருக்கு மூளை வேலை செய்வதில்லை.

அந்தச் சிறுமி கையைக் கட்டிக்கொண்டாள். வகுப்பில் மனப்பாடம் செய்திருந்ததைக் கதவு எண்ணில் தொடங்கி, தெரு, ஊர், தபால் பிரிவு வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். "மாடி வூடு" என்று கடைசியில் தானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

முன்வரிசைப் பெண்மணிகளுக்குத் தமிழ் தெரியும். ஒருவரும் முகத்தை அசைக்கவில்லை. டில்லிக்காரர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் ஆங்கிலத்தில், தனக்கு வீடே இல்லை, இந்தப் பள்ளிதான் தனக்கு வீடு என்று குழந்தை சொல்கிறாள் என்றார். டில்லிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கைத்தட்டல் நெடுநேரம் ஓயவில்லை. நானும் கை தட்டினேனா என்று யாராவது கேட்டால், சிலேட்டுக் கட்டு கையில் இருந்ததால் தட்டவில்லை. அது ஒன்றுதான் காரணம்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போகாமல் தட்டாஞ்சாவடிக்குப் போனேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு பொட்டல். ஒரு பக்கம் இரும்புப் பட்டறை, இன்னொரு பக்கம் பாட்டில் கழுவும் கொட்டகை. லாரி இறக்கிவிட்ட குடும்பங்களில் பாதி இல்லை. சிலர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள் என்றார்கள், சிலர் காலாப்பட்டுப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். பதினொரு பிள்ளைகளில் நான்கு பேர்தான் அங்கே இருந்தார்கள். மற்ற ஏழு பேரை நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. தேடினேன். ஆனால் வேலையை விட்டுவிட்டுத் தேடினேன் என்று சொல்ல மாட்டேன்.

அந்தத் தாய் பாட்டில் கொட்டகையில் சேர்ந்திருந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"திரும்பியும் எழுத வந்துட்டியா?"

"நோட்டு எடுத்துட்டு வரல. உன் பொண்ணக் கூட்டிட்டுப் போவ வந்தேன். கிட்டத்துல ஒரு பள்ளிக்கூடம் இருக்குது. நீயும் வா."

வரமாட்டேன் என்றாள். இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை நான் கேட்கவில்லை. மகளே வந்து என் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டாள். அதைப் பார்த்ததும் தாய் கைக்குழந்தையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை பெரிய கண்ணாடி போட்ட ஒரு குண்டு அம்மாள். மேஜையில் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது. நான் திட்டத்தின் பெயரைச் சொல்லி, துறையைச் சொல்லி, விதிவிலக்கு பற்றி நீளமாக ஆரம்பித்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை.

"உன் பேரு இன்னாடி?"

பெண் சொன்னாள்.

"எண்ணத் தெரியுமா?"

"வாய்ப்பாடு தெரியும். எழுதத் தெரியாது."

"எழுதத் தெரிஞ்சா அப்புறம் நான் எதுக்கு? போ, மூணாவது கெளாஸ்ல உக்காரு."

பிறப்புப் பதிவு இல்லை, விலாசமும் இல்லை என்றேன்.

"பாட்டில் கொட்டாய்க்குப் பின்னாடின்னு எழுதிக்கறேன். தபாலா வரப்போவுது?" என்றார்.

கருணை என்று நினைத்து நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அவரே அதையும் கெடுத்துவிட்டார். போன வருஷம் பிள்ளைகள் குறைந்துபோனதாம். தலை எண்ணிக்கை தேறாவிட்டால் ஒரு டீச்சரை எடுத்துவிடுவார்களாம். "இன்னும் இருந்தா கூட்டியாம்மா. யாரா இருந்தாலும் சரி" என்றார். மற்ற மூன்று பேரையும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய் விட்டேன். டில்லிக் கடிதமும் நான்கு துண்டு மாநிலமும் இயக்குநரும் நானும் சேர்ந்து செய்யாத காரியத்தை, ஒரு பள்ளிக்கூடத்தில் ஆள் குறைந்துபோனது செய்து முடித்தது.

ஆண்டு முடிவில் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. திட்டத்தின் பயனாளிகள் என்ற தலைப்பில், 'கண்டறியப்பட்ட பிள்ளைகளைத் தொடக்க விழாவுக்காக நாமே அப்புறப்படுத்தினோம்' என்று எழுதிக் கொடுத்தேன். இயக்குநர் கோபப்படவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் வேறு ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப அடிக்கச் சொன்னார். புதுப் பக்கத்தில் மேடையில் சிலேட்டு வாங்கிய பத்துப் பேரும் பயனாளிகளாக இருந்தார்கள். கையெழுத்து போடச் சொல்லி என்னிடம் நீட்டினார். போட்டேன். அதிசயமாக, அன்றைக்கு அவர் தன் சொந்தப் பேனாவையே எனக்குக் கொடுத்தார்.

இரண்டு வருஷம் கழித்து அவர் பதவி உயர்ந்து போனார். பிரிவு உபசார விழாவில் வீடற்ற பிள்ளைகளின் தந்தை என்று வாழ்த்து மடல் படித்தார்கள். நல்ல தமிழில் எழுதியிருந்தது. எழுதியவள் நான்தான். வேறு யாருக்கும் அந்த அளவுக்குத் தமிழ் வராது என்று சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

திட்டத்தை வேறொரு திட்டத்தோடு சேர்த்தார்கள், பிறகு அதை இன்னொன்றோடு சேர்த்தார்கள். நான் கேட்டுக் கேட்டு மறுபடி வகுப்புக்குத் திரும்பினேன். அந்தப் பெண்ணைப் பற்றி அவ்வப்போது விசாரித்துக்கொள்வேன். எட்டாவது வரை நன்றாகப் படித்தாள். பத்தாவதில் கணக்கில் போய்விட்டது. வாய்ப்பாடு அத்தனை தெரிந்தவளுக்குக் கணக்கில் ஏன் போயிற்று என்று கேட்டேன். பரீட்சை அன்றைக்கு அம்மாவுக்குக் கையில் பாட்டில் கிழித்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தாள். மறு வருஷம் எழுதித் தேறினாள். தட்டாஞ்சாவடியிலேயே பிளாஸ்டிக் டப்பா செய்யும் கம்பெனியில் எண்ணிக்கை எழுதும் வேலை கிடைத்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அந்தப் பக்கம் போயிருந்தேன். பொட்டலில் இப்போது மண் சுவர் வைத்த வீடுகள். தாய் எனக்கு டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். பழையதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, மறந்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கும்போது, நோட்டு இருக்கிறதா என்று அவள் கண் முதலில் என் கைப்பைக்குத்தான் போகும். கடைசிவரை அப்படித்தான்.

அன்றைக்கு மூத்தவள் வீட்டில் இருந்தாள். நல்ல உயரம், இரட்டைச் சடை போய் ஒற்றைச் சடை. தங்கை இப்போது எத்தனாவது என்று கேட்டேன். மூன்றாவது என்றாள். அவளைச் சேர்க்கும் சமயத்தில் தலைமையாசிரியை மாறிவிட்டார், வந்தவர் பழையபடி பிறப்புப் பதிவு கேட்டு வருஷக்கணக்கில் இழுத்தடித்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னிடம் வந்திருக்கலாமே என்றேன்.

"நீங்க சர்குலர் எழுதுவீங்க" என்றாள். வார்த்தை உறைத்திருக்குமோ என்று என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நானே போனேன் டீச்சர். மூணு நாள் போனேன். வாசல்லியே நின்னேன். அது கெளாஸ்ல இருக்கறதப் பாக்காம நான் வேலைக்குப் போவமாட்டேன்னு சொன்னேன். மூணாம் நாளு சேத்துக்கிட்டாரு."

"கம்பெனியில ஒண்ணும் சொல்லலியா?"

"மூணு நாள் லீவு போட்டுட்டேன். திட்டினாங்க. அதுக்கு இன்னா பண்றது?"

உள்ளேயிருந்து தங்கை ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பெருக்கல் கணக்கு ஒன்று தப்பாகப் போட்டிருந்தாள். அக்கா அதை வாங்கித் தொடையில் வைத்து, பென்சிலால் அடித்துவிட்டுத் திருத்தி எழுத ஆரம்பித்தாள். நான் டீயைக் குடித்து முடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இருவரும் நிமிர்ந்து பார்க்காமலே தலையை ஆட்டினார்கள்.